ஏழாம் நம்பரை அனுப்பிடுங்க!

"அந்த ஏழாம் நம்பரை முதல்ல வெளியே அனுப்புங்க மேடம்! அவங்க ஓடுறதைப் பார்த்தா எங்க வீட்டு டிவியே ஆடுது!"

ஹெட்போனை மாட்டியிருந்த அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மறுபடியும் அதே ஆசாமி. காலை பத்து மணி ஆனால் போதும், போனில் வந்துவிடுவான்.

டிவி எடை குறைப்புப் போட்டியின் 'நேயர் கருத்துப் பிரிவு' என்று பெயர்தான் பெரிது. இருந்தது ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு அக்கா. நேயர்கள் போனில் சொல்வதைக் கேட்டு, திரையில் 'இருக்கட்டும்', 'போகட்டும்' என்ற இரண்டு பட்டன்களில் ஒன்றை அமுக்க வேண்டும். ஒருவரே எத்தனை தடவை கூப்பிட்டாலும் அத்தனையும் ஓட்டுதான். 'போகட்டும்' கூடிவிட்டால் அந்த வாரமே அந்தப் போட்டியாளர் மூட்டையைக் கட்ட வேண்டும்.

"காரணம் ஏதாவது சொல்றீங்களா சார்?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணா ரெண்டா? முட்டி மடங்கலை. மூச்சு விட்டா மைக்கே கதறுது. நேத்து அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாங்களே ஒரு பார்வை, காணாமப் போன பிள்ளையைப் பார்த்த மாதிரி! இதெல்லாம் டிவியில வர்ற லட்சணமா?"

"பதிவு பண்ணிக்கிட்டேன் சார். நன்றி."

பதிவு செய்தாள்தான். 'இருக்கட்டும்' பட்டனில்.

பக்கத்து மேஜையில் நடன நிகழ்ச்சிக்குப் போன் எடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அவர் 'போகட்டும்'னுதானே கத்தினாரு? இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சே. மாத்தி அமுக்கிட்டீங்க."

"மாத்தி அமுக்கலை. அவர் தப்பாச் சொன்னதைத் திருத்தினேன்."

"மேனேஜருக்குத் தெரிஞ்சா?"

"நீ உன் டான்ஸைப் பாருடி."

அக்காவுக்குக் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. 'கொஞ்சம்' என்பது அவளுடைய கணக்கு. பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நகர்வார். நாத்தனார் வந்தால், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே, "அண்ணி, இன்னும் ஒரு சுத்து கூடிட்டீங்க போலிருக்கே" என்பாள். அக்கா யாருக்கும் இதுவரை பதில் சொன்னதில்லை. சிரித்து மழுப்பிவிட்டு, குளியலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஏழாம் நம்பர் மேடையில் ஓடும்போது அக்காவும் சோபாவில் உட்கார்ந்தபடி கூடவே ஓடுவாள். அவள் ஜெயித்தால் தானே ஜெயித்த மாதிரி. அப்படிப்பட்டவளை எவனோ ஒருத்தன் போனில் கேலி செய்தால் விட்டுவிடுவாளா?

ஒன்பது வாரமாக இந்தத் திருத்தம் நடந்துகொண்டிருந்தது. ஏழாம் நம்பரும் ஒவ்வொரு வாரமும் மயிரிழையில் தப்பிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரத்தில் மறுபடியும் போன் அடித்தது.

"மேடம், நான்தான். இன்னொரு ஓட்டு. ஏழாம் நம்பர் போகட்டும். நேத்து டயரை இழுக்கச் சொன்னா, டயர்தான் அவங்களை இழுத்துக்கிட்டு..."

அக்காவின் பொறுமை போயே போய்விட்டது. நேயர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. விதியாவது ஒன்றாவது!

"ஏன் சார், உங்க வீட்டுல பொம்பளைங்களே கிடையாதா? உங்க பெண்டாட்டியை எவனாவது இப்படிப் பேசினா கேட்டுக்கிட்டு சும்மா இருப்பீங்களா?"

சரியான அடி என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவதான் மேடம் என் பெண்டாட்டி" என்றார் அவர்.

"என்னது?"

"சொந்தக்காரங்க ஓட்டு செல்லாதுன்னு சொல்லிட்டீங்க. அதான் யாரோ மூணாவது மனுஷன் மாதிரி பேசினேன். சும்மா 'போகட்டும்'னா எடுத்துக்க மாட்டீங்களோன்னு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லிட்டு எனக்கே வாயைக் கழுவணும் போல இருக்கும்."

"அப்புறம் ஏன் சார் போகச் சொல்றீங்க?"

"முதல் வாரமே அனுப்பிடுவாங்க, ஓசியில ஏழு நாள் ஜாலியா இருந்துட்டு வரலாம்னு போனவ மேடம் அவ. தானா வெளியே வரக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. முடியலைன்னா காதைத் தொட்டுக் காட்டறேன், எப்படியாவது வெளியே எடுத்துடுன்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டாவது வாரத்துலேருந்து காதுல இருந்து கையையே எடுக்கலை!"

அந்தக் காதைத் தொடும் அழகுக்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருந்தது. அதில் முதல் ஆள் அக்காதான்.

"முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு. பசியில சரியாத் தூங்கறதில்லைன்னு முகத்தைப் பார்த்தாலே தெரியுது. எங்க சின்னது தன் தட்டைத் தூக்கிட்டுப் போய் டிவிக்கு முன்னால நீட்டி, 'சாப்பிடும்மா'ங்குது."

அக்காவுக்குக் கண் நிறைந்து, திரையில் இருந்த இரண்டு பட்டன்களும் கலங்கித் தெரிந்தன.

"நானும் ஒன்பது வாரமா நாயாப் பேயாக் கூப்பிடறேன். எப்படித்தான் தப்பிக்கிறாளோ, தலையும் புரியலை, வாலும் புரியலை. போன வாரம் வெறும் பதினோரு ஓட்டு வித்தியாசம்! அந்த வாரம் நான் மட்டுமே பன்னிரண்டு தடவை 'போகட்டும்'னு உங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்... நீங்க எல்லாத்தையும் சரியாத்தானே பதிஞ்சீங்க?"