டூலிப்புக்குக் குளிருதாம்

டொரான்டோவில் இலையுதிர் காலம் முடிவதற்குள் தணிகாசலம் இடுப்பொடியக் குழி தோண்டி டூலிப் கிழங்குகளை நட்டார். அந்த வருஷம் எல்லார் வீட்டிலும் பேசும் கிழங்குகள்தான். மண்ணுக்குள் இருந்தபடியே தங்கள் நிலவரத்தைத் தமிழிலேயே சொல்லும்.

மறுநாள் காலையில் தோட்டத்திலிருந்து மழலைக் குரல்கள் கேட்டன. "குளிருது... குளிருது..."

"சொல்லட்டும் பூரணி. குளிர்ல கிடந்தாத்தான் வசந்தத்துல பூக்கும்" என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பினால் தோட்டமெல்லாம் பள்ளம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓரமாக, அவருடைய கம்பளி சாக்ஸ் அத்தனையிலும் கிழங்குகள் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன.

"சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ணசந்துச்சுங்க" என்றாள் பூரணி.

மே மாதம் தெருவே சிவந்து கிடந்தது. அவர் வீட்டு வாசலில் மட்டும் வெறும் மண்.

"ஆசை ஆசையா நட்டேனே, ஒரே ஒரு பூவாவது பூத்துச்சா?" என்று பொருமினார்.

"பூக்காட்டிப் போகுது. குளிர்காலம் முழுக்க என் பிள்ளைங்க ஒண்ணுக்காவது சளி பிடிச்சுதா, சொல்லுங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்த தணிகாசலத்துக்கு அடுக்கடுக்காகத் தும்மல்தான் வந்தது. நவம்பரிலிருந்து அவர் வெறுங்காலோடுதான் பூட்ஸ் போடுகிறார்.