இடப்பக்கக் கதவு

அந்த மாடலுக்கு இடப்பக்க முன்கதவு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றார் மீரான் பாய்.

அரியமங்கலத்தில் அவருடைய பழைய கார் உதிரிக் கடை. கடை என்ன கடை, அக்கக்காகக் கழற்றிப் போட்ட வண்டிகள் நிற்கும் ஒரு பொட்டல். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்களே, கார் கெட்டால் இங்கேதான் வந்து நிற்கும்.

கோபுவின் கார் வாசலில் நின்றது. வாங்கும்போதே பழசு. முந்தைய வண்டி போன பிறகு, கை பழகிய மாடலாயிற்றே என்று அதையே தேடிப்பிடித்து வாங்கினார். அப்புறம்தான் தெரிந்தது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ரேடியேட்டர் ஒழுகியது, பசை வைத்து அடைத்தார். சைலன்சர் தொங்கியது, கம்பி போட்டுக் கட்டினார். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி பண்ணியாயிற்று, இந்தக் கதவுக்குத்தான் ஒன்றும் பலிக்கவில்லை.

அடித்தகடு முழுக்கத் துரு. பூட்டு பிடிப்பதே இல்லை. தகடு என்று ஒன்று இருந்தால்தானே வெல்டிங் நிற்கும், இது அப்பளம் என்று தெருமுனை மெக்கானிக் கைவிரித்துவிட்டார். கயிறு போட்டு சீட்டோடு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார் கோபு.

போன வாரம் மாம்பழச் சாலை திருப்பத்தில் கயிறு நெகிழ்ந்து, ஓடுகிற வண்டியில் கதவு ஆவென்று திறந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஹம்ஸா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேர்ந்தும் விடவில்லை.

அதோடு சரி. கதவு ஒழுங்காகச் சாத்துகிற வரைக்கும் இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏறாமல் எப்படி? ஆபரேஷன் ஆன கால். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூருக்குப் பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும். இப்போது விட்டுவிட்டால் முழங்கால் ஜன்மத்துக்கும் மடங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆட்டோ குலுங்கினால் வலியில் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொள்வாள். டாக்ஸி கட்டுப்படியாகாது. கதவு திறந்துகொண்ட நாளிலிருந்து அவள் புத்தூர் பக்கமே போகவில்லை.

மீரான் பாய் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரு நீல வண்டி நின்றது. வலப்பக்கம் லாரி இடித்து அப்படியே உள்ளே போயிருந்தது. ஆனால் இடப்பக்கத்தைப் பாருங்கள் என்று கதவைத் திறந்து சாத்திக் காட்டினார் பாய். கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. ஒரு கீறல் இல்லை.

கோபு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நம்பர் பிளேட்டைக் கழற்றியிருந்தார்கள். சீட்டெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

அந்தப் பக்கமும் வந்து பாருங்கள், வேறு ஏதாவது தேறும் என்று பாய் கூப்பிட்டார். வேண்டாம், கதவு போதும் என்றுவிட்டார் கோபு. வேறு வண்டிக் கதவு எதுவும் கிடைக்காதா என்று மட்டும் கேட்டார். வெளியூருக்குச் சொல்லிவைத்தால் வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் பாய்.

சரி, இதையே கழற்றுங்கள் என்றார்.

மனதில் ஏதாவது எழுமா என்று காத்துப் பார்த்தார். ஒன்றும் எழவில்லை. கொஞ்ச காலமாகவே அவருக்கு அப்படித்தான். நல்லதும் உறைப்பதில்லை, கெட்டதும் உறைப்பதில்லை. ரசத்தில் உப்பில்லை என்று ஹம்ஸா சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

உங்கள் வண்டி வெள்ளை, கதவு நீலம், பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று பாய் கேட்டார். அதெல்லாம் வேண்டாம், சாத்தினால் போதும் என்றார் கோபு. பாய் ஒரு விலை சொல்ல, இவர் அதில் பாதியில் ஆரம்பித்தார். பேரத்தில் அவரை மிஞ்ச ஆபீசில் ஆள் கிடையாது. கத்தரிக்காய் வாங்கப் போனால் காம்பைக் கிள்ளிவிட்டு நிறுக்கச் சொல்கிற பேர்வழி.

பேரம் படிகிற நேரத்தில் பாய் தயங்கினார். மனுஷர் யோக்கியர்.

“சார், ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் மறைச்சு வித்துட்டான்னு இருக்கக் கூடாது. இந்த வண்டியில ஒரு பொண்ணு தவறிடுச்சு.”

காவு வாங்கிய வண்டி என்றால் அதிலிருந்து ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார்கள் சிலர். விஷயத்தைச் சொன்னதும் இதற்கு முன் வந்தவர்கள் நடையைக் கட்டிவிட்டார்களாம். நீங்களும் வேண்டாமென்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார் பாய்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்றார் கோபு.

பாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்ன ஜென்மமப்பா இது என்று தோன்றியிருக்கும், தோன்றாமல் என்ன செய்யும்? ஆனாலும் குறைத்தார். யாரும் எடுக்காமல் இங்கேயே கிடந்து மட்கிப்போவதற்கு இது தேவலை.

கதவருகே குத்துக்காலிட்டு முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தபோது பாய்க்கு இன்னொரு சந்தேகம் வந்தது. இந்தப் பக்கம் உட்காரப் போவது வீட்டம்மாதானே, விஷயம் தெரிந்தால் அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கேட்டார்.

“அவ ஒண்ணும் சொல்லமாட்டா, பாய். இந்தக் கதவு தானா திறந்துக்காதுன்னு அவளுக்குத் தெரியும். அன்னிக்கும் இந்தக் கதவோரமாத்தான் உக்காந்துண்டிருந்தா. எங்க பொண்ணு ஓட்டிண்டு வந்தா.”

ஸ்பேனர் நட்டிலேயே நின்றது. பாய் தலை நிமிரவில்லை.

கோபு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிசியோதெரபிக்கு நேரமாகிறது, கொஞ்சம் சீக்கிரம் கழற்றித் தர முடியுமா என்று கேட்டார்.