இரண்டு விரல்

மாலை வெயில் கூடைப்பந்துப் பலகையில் சாய்வாக விழுகிறது. கடைசி நொடியில் எறிந்த பந்து உள்ளே போய்விட்டது. வலை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. உள்ளூர் அணி தலைகால் புரியாமல் குதிக்கிறது. ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கும் நடுவரின் கணவரும் அதே குஷியில் மூன்று புள்ளி ஏற்றி, ஜெயித்ததாகவே அட்டையைப் புரட்டிவிட்டார். நடுவர் மட்டும் வளைகோட்டருகே இரண்டு விரலை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறாள். கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால்தான் மூன்று. கோட்டில் கால் பட்டால் இரண்டுதான். இரண்டென்றால் ஆட்டம் சமன், கூடுதலாக ஐந்து நிமிடம் ஆடியாக வேண்டும். உள்ளூர்க்காரர்களே மதியம் அவசர அவசரமாக அடித்த கோடு அது, இன்னும் காயவில்லை. எறிந்தவனின் ஷூ நுனியில் வெள்ளைப் பெயின்ட். அதை அவன் இன்னொரு காலின் சாக்ஸில் நைசாகத் தேய்க்கிறான்.

“ஏம்மா, மூணுன்னே இருந்துட்டுப் போகட்டுமே. நமக்கெதுக்கு வம்பு?” கணவர் கெஞ்சுகிறார். “ரெண்டுங்க. அட்டையத் திருப்புங்க.” சொல்லிவிட்டு விசிலை வாயில் கவ்விக்கொள்கிறாள். எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவள் காலடியில் உருள்கிறது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரல்கள் இறங்கவில்லை. கூட்டம் ஆடுகளத்துக்குள் புகுந்து அவளைச் சூழ்கிறது. மேசையில் அட்டை டப்பென்று திரும்புகிறது. “நீ எப்படி வீடு போய்ச் சேர்றன்னு பாக்குறேன்!” என்று எகிறுகிறான் எறிந்தவனின் அண்ணன். அவள் விசிலை வாயிலிருந்து எடுக்கிறாள். “ஆட்டம் முடிஞ்சாத்தானே வீட்டுக்கு? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.” பிறகு எறிந்தவனிடம் திரும்புகிறாள். “தம்பி, ஷூவத் தொடச்சது போதும். பந்த எடு.”