நூற்று நாற்பதுக்கு நூற்று நாற்பது

கூட்டிப் பார்த்ததும் சிந்துஜாவுக்குச் சுருக்கென்றது. நூற்று நாற்பதுக்கு நூற்று நாற்பது.

இன்னொரு முறை கூட்டினாள். அதேதான்.

அம்மா புஷ்பவள்ளி போய்ப் பத்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் அப்பாவுக்கு இவ்வளவு சந்தோஷமா?

சிந்துஜா சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். வீடு திரும்பியதும் ஆன்லைனில் பாசிட்டிவ் சைக்காலஜி எம்.எஸ்ஸி. மனுஷன் எதனால் சந்தோஷமாக இருக்கிறான் என்று ஆராய்கிற படிப்பு. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு, துணையைப் பறிகொடுத்த முப்பது பேரிடம் இருபது கேள்விக்குப் பதில் வாங்க வேண்டும். இருபத்தொன்பது பேர் ஆகிவிட்டது. முப்பதாவது ஆள், கடலூர் முதுநகரில் தனியாக இருக்கும் அப்பா பொன்னுரங்கம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தது அதற்கு மட்டுமல்ல. அப்பாவைக் கையோடு அழைத்துப்போய்த் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். புருஷன் அன்பரசுவிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் ஃபாரத்தை நீட்டினாள்.

"என் படிப்புக்கு வேணும்ப்பா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் மார்க் போட்டுக் குடு."

"ஏழுதான் ஜாஸ்தியா?"

"ஆமாம்ப்பா."

அவள் அடுப்படியை ஒழுங்கு பண்ணிவிட்டு வருவதற்குள் போட்டு முடித்துவிட்டார்.

'காலையில் எழும்போது உற்சாகமாக இருக்கிறது.' ஏழு.

'மனம்விட்டுப் பேச எனக்கு ஆள் இருக்கிறது.' ஏழு.

'இழந்தவரை நினைத்து நான் ஏங்குவதில்லை.' அதற்கும் ஏழு. மற்றதைவிட அழுத்தி வேறு எழுதியிருந்தார்.

அப்பா முதுநகர் ரயில்வே ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ரிடையரானவர். அவருடைய டூட்டிக்குத் தகுந்தபடி தன் தூக்கத்தையே மாற்றிக்கொண்டவள் அம்மா. முப்பத்தாறு வருஷம். அவள் சாப்பாட்டுத் தூக்கை நிரப்பிக் கொடுக்காமல் அவர் ஒரு நாளும் டூட்டிக்குப் போனதில்லை. அதற்கு இதுதான் மரியாதை போலிருக்கிறது.

படிப்பதென்னவோ சந்தோஷத்தைப் பற்றி. பெற்ற அப்பா சந்தோஷமாக இருப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வாசலுக்கு வந்து அன்பரசுவுக்குப் போன் போட்டாள்.

"என்னா, மாமா கெளம்பிட்டாரா?"

"அவரு வரல. வரவும் வேணாம்."

"ஏன், என்னா ஆச்சு?"

"இங்க ராஜா மாதிரி இருக்காரு. கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு. அவரப் போயி நாம ஏன் தொந்தரவு பண்ணணும்?"

"அவசரப்படாத சிந்து. அவரு ரூமுக்குத்தான் ஃபேன் மாட்டிட்டு இருக்கேன்."

"கழட்டிடுங்க."

உள்ளே வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் போறேன்ப்பா."

பொன்னுரங்கம் பதறிப்போனார். "வந்து ஒரு மணி நேரங்கூட ஆவலியே. ஒனக்குப் புடிக்குமேன்னு சங்கரா மீன் வாங்கி வச்சிருக்கேன். சாப்ட்டுட்டுப் போம்மா."

"வேணாம்."

"அப்ப பஸ் ஸ்டாப் வரைக்குமாவது வரட்டா?"

அவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். மேல் பொத்தான் இல்லை. அம்மா இருந்திருந்தால் இப்படி வெளியே விடமாட்டாள் என்று நினைத்ததும் சிந்துஜாவுக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது. அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அம்மா நெனப்பே ஒனக்கு வர்றதில்லயாப்பா?"

அவருக்கு விளங்கவில்லை. "யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நீதான். ஒன் கையாலதான் எழுதியிருக்க. ஏக்கமே இல்லன்னு ஏழு போட்டிருக்கியே, பாரு."

பொன்னுரங்கம் ஃபாரத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"ஏம்மா, மார்க் பத்தலயா?"

"எந்த மார்க்கு?"

"ஒனக்கு வர்ற மார்க்குதான். போன தபா ஒரு பேப்பர் போயிடுச்சின்னு போன்ல அப்படி அழுத. வேலைக்கும் போயிக்கிட்டு, வீட்டயும் பாத்துக்கிட்டு, கண்ணு முழிச்சிப் படிக்கிற புள்ள. என்னால ஒரு மார்க்கு கொறயக் கூடாதுன்னுதான் எல்லாத்துக்கும் ஏழு போட்டேன்."

பொன்னுரங்கத்தின் விரல் அந்த அழுத்தி எழுதிய ஏழின் மேல் போய் நின்றது.

"அந்தக் கேள்விக்கு மட்டும் கை வரலம்மா. ஒங்கம்மா மூஞ்சி வந்து முன்னால நின்னுடுச்சி. அப்புறம் ஒன்ன நெனச்சிக்கிட்டு, அதுக்கும் போட்டுட்டேன்."

தோளிலிருந்த பையை அவள் கீழே வைத்தாள். இருபத்தொன்பது பேரிடம் சிரித்த முகமாகக் கேட்டுக் கேட்டு எழுதியவளுக்கு, சொந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை உட்கார்ந்து கேட்கத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"உள்ளபடி போடுறதுன்னா எவ்ளோப்பா போட்டிருப்ப?"

பொன்னுரங்கம் ஃபாரத்தை நாலாக மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வேணாம்மா. அதப் போட்டா நீ ஃபெயிலாயிடுவ."