டவாலியின் குரல்

"சௌந்தரம்... சௌந்தரம்... சௌந்தரம்..."

கோர்ட் வாசலில் நின்று டவாலி சபாபதி மூன்று முறை கூப்பிட்டார்.

மற்ற நாட்களில் அவர் கூப்பிட்டால், மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவன்கூடப் பத்து நயாபைசா டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான். இன்று அந்தக் குரல் படியைத் தாண்டியதா என்பதே சந்தேகம்.

தகப்பன் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். அதையும் விட்டுவிட்டார்.

"என்னா டவாலி, வூட்டுல சோறு போடலியா? சத்தமே காணும்" என்றார் வேறு வழக்குக்காகப் பண்ருட்டியிலிருந்து வந்திருந்த ஒருவர். வராந்தாவில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

உள்ளே கூண்டில் முந்திரி வியாபாரியின் மகன் தலைகுனிந்து நின்றான். காலையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். சௌந்தரம் போலீசில் சொன்னது வேறு. கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது கையைப் பிடித்து இழுத்ததாகச் சுருங்கியிருந்தது. சின்ன வயசு, முதல் தப்பு, தயவு காட்டவேண்டும் என்று வக்கீல் கேட்டுக்கொண்டார்.

கடலூருக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரமே ஆன மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். தண்டனை சொல்வதற்கு முன் அந்தப் பெண் வாயால் கேட்க விரும்பினார். அதற்குத்தான் இந்த அழைப்பு.

அவள் வந்து பேசினால் இவன் ஜெயிலுக்குப் போவான். சபாபதிக்குத் தெரியும்.

அவள் பேசுவதை இத்தனை பேரும் கேட்பார்கள். அதுவும் தெரியும்.

"ஆள் இல்லீங்க ஐயா" என்றார் உள்ளே வந்து.

பெஞ்சு கிளார்க் காகிதக் கட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

கோர்ட் கலையும்வரை காவல் என்று தீர்ப்பாயிற்று. வியாபாரியின் மகன் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போனான்.

சபாபதி தோளில் குறுக்கே போட்டிருந்த டவாலிப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டடத்தின் பின்பக்கம் போனார். காலையில் அவர் உட்காரச் சொன்ன இடத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வா, போவலாம். இன்னிக்கி உன்னக் கூப்புடலியாம்."

சௌந்தரம் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கூப்புட்டீங்கப்பா" என்றாள். "மூணு தடவையும் கேட்டுச்சி. வராதன்னு சொல்றாப்புல இருந்துச்சி. அதான் வரல."