லீலாவதி குழந்தை

"லீலாவதி குழந்தை!"

நர்ஸ் ரத்தினம்மாள் கூப்பிட்டதும் அவள் பதறி நிமிர்ந்தாள். "இந்தா இருக்கு சிஸ்டர். இப்பத்தான் பால் குடிச்சுது."

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. அவள் மார்போடு ஒட்டவைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அரியலூர் ஆஸ்பத்திரியில் அந்த அறையைக் கங்காரு வார்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

நர்ஸ் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "கால் இன்னும் ஜில்லுனு இருக்கு. உன் உடம்புச் சூடுதான் மருந்து. எறக்கி மட்டும் விட்டுடாத."

அப்போதுதான் ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. அது அணைத்திருந்த குட்டியின் தலை துவண்டு தொங்கியது. ஐயோ பாவம், அது செத்து எத்தனை நாளோ!

"ச்சீ, நாத்தம் தாங்கல. அத விரட்டுங்க" என்றாள் கலியம்மாள். மகளுக்குத் துணையாக அன்றைக்குத்தான் எதிர்க் கட்டிலுக்கு வந்தவள்.

"வேணாம்மா!" மார்பில் குழந்தையைக் கட்டியிருந்தவள் கெஞ்சினாள். "அதுகிட்டேருந்து யாரும் புடுங்காதீங்க. கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும்."

கலியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. சுவரிலிருந்த கங்காரு படத்தைக் காட்டினாள். "என்னதான் வயித்துல பை இருந்தாலும் கொரங்கு மாதிரி வருமா நர்சம்மா? செத்த புள்ளையக்கூட விட மாட்டேங்குதே!"

"அது ஒரு விதம். கங்காருல வாலபின்னு சின்ன ஜாதி ஒண்ணு இருக்கு. அது பையில வேற குட்டிய வச்சாலும் பால் குடுத்து வளத்துடுமாம்." சொல்லிவிட்டு ரத்தினம்மாள் ஏனோ குழந்தையை அணைத்திருந்தவளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அவளுக்கு ஜன்னல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். முருகா, இது பிழைக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

மத்தியானம் அவள் புருஷன் காசிநாதன் உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். வேட்டியும் தலையும் ஈரம் காயாமல் இருந்தன.

"இந்த வெயில்ல எங்க தம்பி நனைஞ்ச?" என்று கேட்டாள் கலியம்மாள்.

அவன் நேரே கட்டிலருகே வந்து குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஐசியூல இருக்கற லீலாவதி கண்ணு முழிச்சுட்டாங்களா, ஜெயா?"

இல்லை என்று தலையாட்டினாள். குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம புள்ளைய முந்திரிக்காட்டுல பொதைச்சுட்டு வந்துட்டேன்."