பின்பக்கத்து வழி

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் அருளப்பனின் நினைவுகளெல்லாம் நகரத்துப் பொது ஸ்டோரேஜில்தான் இருக்கின்றன. வீட்டு சர்வர் வயர் வழியாக அவற்றை எடுத்து அவருக்குக் கொடுக்கும். இணைப்பைச் சரிபார்க்க வந்த மும்தாஜ், வாசலில் போன இரண்டு வயர்களையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டும் ஒரே கம்பத்துல போனா ரெண்டு வழி ஆயிருமாக்கா? கம்பம் சாஞ்சா அண்ணாச்சிக்கு உங்களயே தெரியாது. ஒண்ணு பின்பக்கமாப் போகட்டும்.”

பின்பக்கம் கோமதியின் வீடு. சுவர்த் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. மும்தாஜ் என்னைக் கையோடு இழுத்துப்போய் அவள் கதவைத் தட்டினாள். கோமதி மும்தாஜைப் பார்த்துத் தலையாட்டி, சுவரில் துளைபோட்டு ஒரு வயரைக் கொண்டுபோக விட்டாள்.

இன்று காலை தண்ணீர் லாரி மோதி வாசல் கம்பம் சாய்ந்தது. காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க...” என்றார். நாற்பது வருடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மூன்று விநாடி இருக்கும், பின்பக்கத்து வயர் கைகொடுத்தது.

“நீ குடிச்சியா, பிரகாசி?”

இன்னொரு டம்ளர் காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். கோமதி சுவர்த் துளையருகே வயரைத் தொட்டபடி நின்றிருந்தாள்.

“சத்தம் கேட்டதும் இதத்தான் வந்து பாத்தேன்” என்றாள். “அண்ணாச்சிக்கு உன்னத் தெரியுதுல்லா?”